செங்கற்பட்டுத் தடுப்பூசி ஆய்வும் மனிதரின் ஒப்புதலும்

மாமல்லபுரம் என்றவுடன் பல்லவர் குடைந்த குகைகளும் கடற்கரைக் கோயிலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அக்கடற்கரையைக் கீழெல்லையாகக் கொண்டிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை உலகின் மருத்துவ நூல்கள் வேறொரு காரணத்தால் அறிந்திருக்கின்றன. காசநோய்த் தடுப்பூசியாகிய பி.சி.ஜி.யின் பயனை அளந்தறிய நடந்த மிகப் பெரிய ஆய்வு 1968இல் இங்கேதான் தொடங்கிற்று. ஆய்வுக்குள்ளான ஊர்கள், மாவட்டம் 1997இல் பிரிக்கப்பட்டபோது, பெரும்பாலும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தன. அறிவியலுக்குக் காட்டும் நேர்மையும் மனிதருக்குக் காட்டும் நேர்மையும் ஒன்றல்ல என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

பி.சி.ஜி. 1948இல் நம் நாட்டிற்கு வந்தது. சென்னைக் கிண்டியில் அதைத் தயாரிக்கும் ஆய்வுக்கூடம் அமைந்தது. நாடு முழுவதும் சிறுவர்களுக்கு அது போடப்பட்டு வந்த காலத்தில், இராஜாஜி 1955இல் அதை எதிர்த்து ஒரு சிறு நூலே வெளியிட்டார். உயிருள்ள கிருமியால் ஆன மருந்தைக் குழந்தைகளின் உடலில் இத்துணைப் பெரிய அளவில் செலுத்துவது தகுமா என்பது அவருடைய கவலை. மருத்துவர்களிடையேயும் ஐயம் இருந்தது. பிரிட்டனில் நடந்த ஆய்வு பி.சி.ஜி. நல்ல பாதுகாப்பளிப்பதாகக் காட்டிற்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நடந்த ஆய்வோ மிகக் குறைந்த பயனையே காட்டிற்று. இம்முரண்பாட்டைத் தீர்க்கவே செங்கற்பட்டு தெரிந்தெடுக்கப்பட்டது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை ஆகிய மூன்றும் இதில் கைகோத்தன. 3,60,000க்கும் மேற்பட்ட மக்கள் பதிவு செய்யப்பட்டனர். 2,50,000க்கும் மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு முழு அளவில் தடுப்பூசியும், சிலருக்குக் குறைந்த அளவில் அதே தடுப்பூசியும், எஞ்சியோருக்கு மருந்தற்ற ஊசியும் கிடைத்தன. யாருக்கு எது என்பதை ஊசி போட்டவரும் அறியார்; போட்டுக்கொண்டவரும் அறியார். அதன்பின் பதினைந்து ஆண்டுகள் பணியாளர் வீடு வீடாகச் சென்று, மார்பைக் கதிர்ப்படம் எடுத்தும் சளியைச் சோதித்தும் நோயுற்றோரைக் கண்டறிந்தனர்.

முடிவு எதிர்பாராததாய் இருந்தது. 1979இல் வெளியான முதல் அறிக்கை, நுரையீரல் காசநோயிலிருந்து பி.சி.ஜி. பாதுகாக்கவில்லை என்று கூறிற்று. 1999இல் வெளியான பதினைந்தாண்டு அறிக்கையும் வயது வந்தோரைப் பொறுத்தவரை அதையே உறுதிப்படுத்திற்று. சிறுவர்களிடம் மட்டும் சிறிதளவு பயன் தெரிந்தது. குழந்தைகளைத் தாக்கும் காசநோய் மூளைச்சவ்வு அழற்சி போன்ற கொடிய வகைகளைத் தடுப்பதால் பி.சி.ஜி. இன்றும் போடப்படுகிறது. தங்கள் நம்பிக்கைக்கு மாறான முடிவை மறைக்காமல் வெளியிட்ட ஆய்வாளரின் நேர்மையை நாம் மதிக்கிறோம். பயன் உண்மையிலேயே ஐயத்திற்குரியதாக இருந்தமையால், மருந்தற்ற ஊசி போட்டதையும் குற்றம் என்று கூறிவிட முடியாது.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தன் கையை நீட்டிய உழவனுக்கும், குழந்தையை ஏந்தி நின்ற தாய்க்கும் அந்த ஊசியில் மருந்தே இல்லாதிருக்கலாம் என்பது சொல்லப்பட வேண்டாமா? மறுக்கும் உரிமை தமக்கு உண்டு என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டாமா? மனிதர்மீது செய்யும் ஆய்வைப் பற்றிய ஹெல்சின்கி அறிக்கை 1964இலேயே வெளிவந்திருந்தது. ஆனால் ஆய்வைச் சுயேச்சையான ஒரு குழு பரிசீலிக்க வேண்டும் என்னும் விதி 1975இல்தான் அதில் சேர்ந்தது. நம் நாட்டின் ஆராய்ச்சிக் கழகம் தன் நெறிமுறைக் கொள்கையை வெளியிட்டது 1980இல். செங்கற்பட்டில் ஊசி போடும் பணி 1971இலேயே முடிந்துவிட்டது. மருந்தின் அளவுக்கும் மக்கள் கணக்கிற்கும் நுட்பமான விதிகள் இருந்த காலத்தில், மனிதரின் ஒப்புதலுக்கு நாட்டில் எழுதப்பட்ட விதி இல்லை.

அவ்வின்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அக்காலமே சான்று. இம்மூன்றில் ஒன்றாகிய அமெரிக்கத் துறையே, அலபாமாவின் டஸ்கீகியில் மேகநோயுற்ற கருப்பின ஆண்களை, பெனிசிலின் கிடைத்த பின்னும் குணப்படுத்தாமல், 1932 முதல் 1972 வரை கவனித்துக்கொண்டே இருந்தது. செங்கற்பட்டு ஆய்வு அத்தகையதன்று. இரண்டையும் ஒன்றாக்குவது அநீதி. ஆயினும் ஆய்வாளரின் நல்லெண்ணம் ஒன்றே ஏழைகளுக்குக் காவலாக இருந்த காலம் அது என்பதை இரண்டும் காட்டுகின்றன.

விதி எழுதப்பட்டால் மட்டும் போதுமா? 1976 முதல் 1988 வரை டெல்லியில் நடந்த ஓர் ஆய்வில், கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்கள் காணப்பட்ட 1,158 பெண்கள், நோய் எவ்வாறு முற்றுகிறது என்று அறியும்பொருட்டுச் சிகிச்சையின்றிக் கவனிக்கப்பட்டனர். சிலருக்குப் புற்றுநோய் உண்டாயிற்று. 1997இல் செய்தி வெளியானபோது, பெண்களிடம் வாய்மொழியாக ஒப்புதல் பெற்றதாகவே விளக்கம் தரப்பட்டது. 1980ஆம் ஆண்டின் கொள்கை அப்பெண்களைக் காக்கவில்லை.

இதில் திருச்சபைக்கும் பாடம் உண்டு. செங்கற்பட்டை அடுத்த திருமணியில், மிஷன் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் பணியாற்றிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை, 1955இல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமாயிற்று. இத்தகைய இடங்களில் உணவும் உறைவிடமும் மருந்தும் ஒரே கையிலிருந்து வருகின்றன. கொடுக்கும் கை ஆய்வுக்கும் அழைத்தால், பெறுகிறவர் ‘மாட்டேன்’ என்று சொல்வது எளிதா? நன்றியுணர்வு ஒப்புதலாகிவிடாது. மிஷன் மருத்துவமனைகளை நடத்தி வந்த நாம் இதைப் பிறரைவிட நன்கு அறிய வேண்டியவர்கள்.

இப்போது நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் உள்ளன. ஆய்வின் பயன் பங்கேற்ற சமுதாயத்தையும் எட்ட வேண்டும் என்று ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன. பயன் என்பது மருந்து மட்டுமன்று, உண்மையும் பயனே. உலகம் முழுவதும் தன் தடுப்பூசிக் கொள்கையை ஆராய்ந்து பார்க்கச் செய்த விடை செங்கற்பட்டு மக்களின் கைகளிலிருந்து பெறப்பட்டது. அவ்விடையை அவ்வூர்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் எடுத்துரைப்பது, இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும், தீர்க்க வேண்டிய கடன் என்றே நாம் கருதுகிறோம்.