ஆலயத்துக்குள் பறை: மாற்று வழிபாடும் தனி வழிபாடும்

திருச்சபையை விட்டு வெளியேறாமல், அதன் கூரைக்குக் கீழேயே, அதன் ஆயரும் பீடமும் திருவிருந்தும் அப்படியே இருக்க, பாட்டையும் மொழியையும் கருவியையும் அமரும் முறையையும் மாற்றி நடத்தும் ஆராதனையை மாற்று வழிபாடு என்கிறோம். தமிழகத்தில் இச்சொல் பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள் முன்னெடுத்த வழிபாட்டையே குறிக்கிறது. இறையியல் கல்லூரிகளில் வேர்விட்டுச் சில சேகரங்களுக்கும் பங்குகளுக்கும் பரவிய இம்முயற்சி எங்கிருந்து வந்தது, இதற்குள் நடக்கும் விவாதம் என்ன, இதை நடத்த விரும்பும் இளையோர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இங்கே தொகுக்கிறோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டியுள்ளது. தலித் மக்களுக்குத் தமிழகத் திருச்சபைகளில் தனி வழிபாடு புதிதன்று. தனி இருக்கை, தனி வாசல், தனிக் கிண்ணம், தனிக் கல்லறை என அது அவர்கள்மீது திணிக்கப்பட்டே வந்தது. கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளுக்கு விடுத்த சுற்றறிக்கையில் சாதி வேற்றுமையைத் திருச்சபைக்குள் முற்றாகக் கைவிட வேண்டும் என ஆணையிட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் ஆதிக்கச் சாதிக் கிறித்தவர்கள் அதை எதிர்த்தார்கள்; தலித்துகளோடு ஒன்றாக அமர்ந்து ஒரே கிண்ணத்தில் பருகுவதைவிடச் சபையை விட்டு விலகுவதே மேல் என முடிவெடுத்தோரும் உண்டு. அவர்களுடைய மறுப்பு கோட்பாட்டைப் பற்றியதாக இல்லை. இருக்கையையும் கிண்ணத்தையும் பற்றியதாகவே இருந்தது. வழிபாட்டின் உடல் சார்ந்த ஒழுங்கில்தான் சாதி குடியிருக்கிறது என்பதை அன்றே அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கத்தோலிக்கக் கோயில், ஒரே பீடத்தை நோக்கிய இரண்டு கூடங்களாகக் கட்டப்பட்டது. வேளாளர் ஒரு கூடத்திலும் நாடார் உள்ளிட்ட பிறர் மற்றதிலும் அமர, நடுவே சுவர் இருந்தது. 1910இல் இயேசு சபைக் குரு கௌசானல் காலத்தில் அச்சுவர் இடிக்கப்பட்டது. சுவர் தங்கள் உரிமை என்று கோரியவர்கள் வழக்காடினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரோ இறந்த பிறகும் சாதியைக் காத்து நிற்பதற்குச் சான்றாயிற்று. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்றார்கள். அதைத் தொடர்ந்து 2008 மார்ச்சில் வன்முறை வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர்.

எறையூரை இங்கு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. அங்கே தனிப் பங்கு கேட்டவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள். அதை மறுத்தவர்கள் ஒடுக்கியவர்கள். ஒதுக்கிவைப்பதையும் அவர்களே செய்வார்கள், ஒதுங்கிச் சென்று தன்மானத்தோடு வாழ்வதையும் அவர்களே தடுப்பார்கள். ஆகவே, பெரிய சபைக்குள் மாற்று வழிபாடு நடத்தும் எவரும் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது: இது நாம் தேர்ந்த மாற்றா, அல்லது பழைய சேரி ஆராதனை புதிய பெயரில் திரும்பி வந்திருக்கிறதா? பீடமும் கிண்ணமும் பொதுவாக இருக்கின்றனவா, ஊர்த்தெருச் சபையாரும் வந்து அமர்கிறார்களா என்பவற்றைக் கொண்டே இதற்கு விடை காண இயலும் எனக் கருதுகிறோம்.

'இந்தியமயம்' யாருக்கானது?

மேலைநாட்டு வடிவத்தைக் களைந்து இந்திய வடிவம் தர வேண்டும் என்ற பேச்சு திருச்சபையில் நெடுங்காலமாக உண்டு. 1950இல் மோன்சானென், லெ சோ ஆகிய இரு பிரெஞ்சுக் குருக்கள் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனத்தை நிறுவினார்கள். காவி உடையும் சமஸ்கிருத ஓதலும் உபநிடத வாசிப்பும் அங்கே கிறித்தவ வழிபாட்டுக்குள் வந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969இல், இந்தியத் திருப்பலியில் பன்னிரண்டு மாற்றங்களுக்கு உரோமை இசைவளித்தது. தரையில் அமர்தல், மிதியடி களைதல், கைகூப்பி வணங்குதல், ஆரத்தி எடுத்தல் போன்றவை அவற்றுள் அடங்கும். பெங்களூரில் அமலோர்பவதாஸ் தலைமையில் இயங்கிய தேசிய நடுவம் இவற்றைப் பரப்பியது.

இவை எல்லாவற்றிலும் 'இந்தியம்' எனப்பட்டது பெரிதும் பார்ப்பனியக் கோயில் மரபும் ஆசிரம மரபுமே. ஆரத்தித் தட்டு பீடம்வரை போயிற்று. பறை வாசலுக்கு வெளியே நின்றது. இந்தியத் திருச்சபையில் தலித் மக்களே பெரும்பான்மையினர் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்படும் உண்மை. அப்பெரும்பான்மையின் இசையும் உணவும் வாய்மொழியும் இந்தியப் பண்பாடாக எண்ணப்படவே இல்லை. சீர்திருத்தச் சபைகளின் கதையும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை. பாமாலை மேலைநாட்டு மெட்டில் அமைந்தது. கீர்த்தனை கருநாடக இசையில் அமைந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனை மரபின் இசைவளத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர் சபைக்குள் சாதி ஆசாரத்தைக் காக்க எழுதியவரும் ஆவார் என்பதைச் சபை வரலாறுகள் மெல்லக் கடந்துவிடுகின்றன.

பரட்டை அண்ணன்

1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் பி. நிர்மல் ஆற்றிய உரையைத் தலித் இறையியலின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். பின்னர் சென்னை குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அவர் அத்துறையை வளர்த்தார். ஆயினும் இறையியல் நூலாக இருப்பது வேறு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிழவி வாய்விட்டுப் பாடுவதாக இருப்பது வேறு. இரண்டுக்கும் இடையே பாலம் கட்டியவர்களுள் முதன்மையானவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு.

தென்னிந்தியத் திருச்சபையின் ஆயரான அவர், மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 'பரட்டை' என்ற புனைபெயரில் எழுதினார். மாணவர்களுக்குப் 'பரட்டை அண்ணன்' ஆனார். 1990களில் திருவிருந்து ஆராதனை முழுவதையும் நாட்டார் மெட்டுகளிலும் பேச்சுத் தமிழிலும் அமைத்துக் கிராமிய இசை வழிபாடாக வழங்கினார். ஆராதனை நூலைக் கையில் பிடித்து வாசிக்கத் தெரிந்தவருக்கே பங்கு உண்டு என்ற நிலையை அது உடைத்தது. எழுத்தறியாதவரும் இரண்டு மூன்று வாரங்களில் மனப்பாடமாகப் பாடலாம்.

அப்பாவுவின் சிந்தனையில் இரண்டு கூறுகளை நடத்துநர்கள் கட்டாயம் அறிய வேண்டும். ஒன்று 'ஒரு உலை'. ஒரே உலையில் பொங்கி அனைவரும் ஒன்றாக உண்ணும் குடும்பமாகச் சபையைக் கண்டார். தீண்டாமையின் இதயம் உணவுத் தடையில் இருக்கிறது, திருவிருந்தோ உணவு. ஆகவே திருவிருந்தை வெறும் சடங்காக விட்டுவைக்க அவர் இசையவில்லை. மற்றொன்று, பாட்டு பாடுவோருக்கே உரியது என்ற கொள்கை. கிராமத்து மக்கள் அவர் பாடல்களின் சொல்லையும் மெட்டையும் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிப் பாடியதை அவர் குறையாகக் கருதவில்லை. அப்படி மாறுவதே நாட்டார் இசையின் உயிர் என்றார். கடவுளை ஆண்பாற் பெயரில் மட்டும் அழைக்காமல், தாய்க்கும் தந்தைக்கும் பொதுவான விளியால் அழைத்ததும் அவருடைய மாற்றங்களுள் ஒன்று. அவர் 2005இல் மறைந்தார். அவருடைய இசையை விரிவாக ஆய்ந்து அமெரிக்க இசையியலாளர் ஜோயி ஷெரினியன் எழுதிய நூல் 2014இல் வெளிவந்தது.

பறை குறித்த நம் வீட்டுச் சண்டை

மாற்று வழிபாடு என்றவுடன் பறையைக் கொண்டுவந்து நிறுத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. இதில் அவசரம் கூடாது. பறையடிக்கும் கட்டாய ஊழியத்திலிருந்து, குறிப்பாக ஆதிக்கச் சாதியினரின் சாவுக்கு அடிக்கும் இழிவிலிருந்து விடுபடவே பல குடும்பங்கள் கிறித்தவம் தழுவின. பறையைக் கீழே வைத்ததே அவர்களுக்கு விடுதலை. அம்மூதாதையரின் பேத்தி இன்று ஆலயத்தில் பறை கேட்டு முகம் சுளித்தால், அதை மேட்டிமை எனத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. மறுபுறம், சத்தியநாதன் கிளார்க் 1998இல் வெளியிட்ட நூலில், பறையர் சமூகத்தின் இறை அனுபவத்தைத் தாங்கும் குறியீடாகவே பறையை வாசித்தார். மதுரை இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் நடத்திய கலைவிழாக்களும், திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை ஏந்தியதும் அக்கருவியின் பொருளையே மாற்றின. கூலிக்கும் கட்டளைக்கும் அடித்தது வேறு; தாமே விரும்பி, பெண்களும் சேர்ந்து, பீடத்தின் முன் அடிப்பது வேறு.

நமது நிலை இதுதான்: பறை வரவேண்டும். ஆனால் அச்சபையின் மூத்தோரோடு பேசி, அவர்கள் தங்கள் கதையைச் சொல்ல இடம் கொடுத்த பிறகே வரவேண்டும். அந்தக் கதைசொல்லலையே முதல் மாற்று வழிபாட்டின் அருளுரையாக வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அருந்ததியர், பள்ளர் சமூகத்தவர் உள்ள சபையில் பறை ஒன்றையே 'தலித் அடையாளம்' ஆக்கினால், அங்கேயும் ஓர் ஓரம் உருவாகும்.

நடத்துவோர் கவனத்திற்கு

தென்னிந்தியத் திருச்சபையில் ஆராதனை முறைமையில் ஓரளவு சுதந்திரம் உண்டு. 1947இல் சபை உருவானபோதே, இணைந்த சபைகளின் வெவ்வேறு வழிபாட்டு மரபுகளுக்கு இடம் தரப்பட்டது. 1950இல் வந்த திருவிருந்து ஒழுங்கும் 1963இன் பொது ஆராதனை நூலும் ஒரு சட்டகத்தைத் தந்தன: பாவ அறிக்கை, வாசகம், அருளுரை, மன்றாட்டு, காணிக்கை, திருவிருந்து, ஆசி. இச்சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லையும் இசையையும் மாற்றுவதே எதிர்ப்பைக் குறைக்கும் வழி. அப்பாவு செய்ததும் அதுவே. கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை மன்றாட்டைத் தொட முடியாது. பாடல்கள், விசுவாசிகளின் மன்றாட்டு, காணிக்கைப் பவனி, மறையுரை ஆகியவற்றில்தான் இடம் இருக்கிறது.

அனுமதிக்குச் சேகரக் கமிட்டியை அணுகும்போது பெரும்பாலும் கிடைக்கும் விடை, நவம்பர் இரண்டாம் ஞாயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதாக இருக்கும். கத்தோலிக்க ஆயர் பேரவையும் தேசியத் திருச்சபைகள் மன்றமும் அந்நாளைத் தலித் விடுதலை ஞாயிறாகக் கடைப்பிடிக்கின்றன. பெற்றுக்கொள்ளலாம், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. ஆண்டுக்கு ஒருநாள் என்பது விருந்தாளிக்குத் தரும் இடம். மாதம் ஒரு ஞாயிறு, முதன்மை ஆராதனை நேரத்தில் எனக் கேட்க வேண்டும். பிற்பகல் நேரம் ஒதுக்கப்பட்டால் வருவோர் யார், வராதோர் யார் என்பதைக் கணக்கெடுத்து, அக்கணக்கைக் கமிட்டியின் முன் வைக்கலாம்.

கிண்ணத்தைப் பற்றி முன்கூட்டியே முடிவெடுங்கள். தூய்மை காரணம் காட்டித் தனித்தனிச் சிறு குவளைகள் பல சபைகளில் வந்துவிட்டன. காரணம் உண்மையாகவும் இருக்கலாம், சாதிக்கு மறைப்பாகவும் இருக்கலாம். ஆராதனைக்குப் பின் ஆலய வளாகத்திலேயே ஒரே உலையில் சமைத்து, யார் சமைத்தார்கள் என்பதை அனைவரும் அறியும்படி பரிமாறினால் இந்த ஐயம் ஒரே மதியத்தில் தெளிந்துவிடும்.

தோற்பறையை அடிப்பதற்கு முன் அனலில் காய்ச்ச வேண்டும் என்பதைக் கமிட்டியார் அறிந்திருக்க மாட்டார்கள். வளாகத்தில் வைக்கோலைக் கொளுத்தினால் கோயிற்பிள்ளையே முதலில் தடுப்பார். இடத்தை முன்பே கேட்டுப் பெறுங்கள். செயற்கைத் தோல் பறை காய்ச்சாமலே ஒலிக்கும் என்று யோசனை சொல்வார்கள். எங்களுக்கு அந்தப் புகையும் ஆராதனையின் பகுதியாகவே படுகிறது.

மொழியில், 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால் வாசகம் இளையோருக்கு எளிதாகும். ஆனால் பழைய மொழிபெயர்ப்பின் வசனங்களை மனப்பாடமாக வைத்திருக்கும் மூத்தோரை அது அந்நியப்படுத்தும். மன்றாட்டைப் பேச்சுத் தமிழில் வைத்து, வாசகத்தை மாறிமாறி இரு பதிப்புகளிலும் படிக்கலாம்.

கடைசியாக, படம் எடுப்பது. 1950 ஆகஸ்டு 10இல் வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதித் தகுதியைச் சமயத்தோடு கட்டிப்போட்டது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர்; கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியேதான். தமிழகத்தில் கிறித்தவராக மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். ஆவணத்தில் இந்துவாகவும் ஆலயத்தில் விசுவாசியாகவும் வாழ வேண்டிய நெருக்கடி பல குடும்பங்களுக்கு உண்டு. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தொடர்ந்து தேவாலயத்துக்குச் சென்றுவந்த ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோர முடியாது எனத் தீர்ப்பளித்தது. இந்நிலையில் ஆராதனையைக் கைப்பேசியில் பதிந்து பரப்புவது ஒரு மாணவியின் கல்லூரி இடத்தையோ ஒருவரின் அரசு வேலையையோ பறிக்கக்கூடும். பறையடிக்கும் கைகளைப் படமெடுங்கள். முகங்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். துண்டறிக்கையில் பாடகர் பட்டியல் அச்சிடுவதற்கு முன்பும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.