பள்ளிகளில் தற்கொலைத் தடுப்புக் கல்வி (தென்காசி வட்டாரம்)

மன நெருக்கடியில் உள்ள மாணவரை அடையாளம் காணவும், அவர் தயங்காமல் உதவி கேட்கவும் மாணவர், ஆசிரியர், பெற்றோருக்குத் தரப்படும் பயிற்சி. 2022 நவம்பரில் வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, எட்டு ஆண்டுகளுக்குள் எல்லாக் கல்வி நிலையங்களிலும் மனநலப் பாடத்திட்டத்தைக் கொண்டுவர இலக்கு வைத்தது.

2019 நவம்பர் 22இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில் இப்பயிற்சி நடக்கும் காலம் முக்கியம். குற்றாலத்தில் சாரல் தொடங்குமுன், கோடை விடுமுறையில்தான் பொதுத்தேர்வு முடிவுகள் வருகின்றன. அந்நாளில் ஆசிரியரும் தோழர்களும் அருகில் இல்லை. பிள்ளை வீட்டில் தனியே இருக்கக்கூடும். ஆகவே பாடம் தேர்வுக்கு முன்பே நடக்க வேண்டும், பெற்றோரையும் அழைத்து. தோல்வியுற்றவர் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதலாம் என்பதை ஒவ்வொரு வீடும் அறிந்திருப்பது உயிர்காக்கும் செய்தி.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்ற அச்சம் தவறானது. பரிவோடு கேட்பது பேச வழிதிறக்கிறது. 10 ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், மாணவர்களுக்கே நேரடியாக நடத்திய விழிப்புணர்வு வகுப்புகள் தற்கொலை முயற்சிகளைக் குறைத்தன. ஆசிரியர்களுக்கு மட்டும் தந்த பயிற்சியில் அப்பலன் தெரியவில்லை.

சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இத்துறையின் முன்னோடி. உதவி எண்கள்: டெலி மானஸ் 14416, மாநிலச் சுகாதார உதவி மையம் 104.