இசைக்குழு இல்லாமல் ஊர் சுற்றும் கச்சேரி

‘ஃபைனல் ஃபேன்டஸி’ என்ற ஜப்பானிய வீடியோ கேம் வரிசைக்கு இருபது வயதானபோது, 2007 டிசம்பர் 4 அன்று ஸ்டாக்ஹோமில் ‘டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ்’ என்ற இசை நிகழ்ச்சி அரங்கேறியது. ஆண்டுவிழா முடிந்தும் அது நிற்கவில்லை. நாடு நாடாகப் போய்க்கொண்டே இருந்தது. அடுத்தடுத்து வந்த விழா ஆண்டுகளிலும் அதே கச்சேரிதான் கிளம்பியது. ஒரு விளையாட்டின் விழாவுக்கு வரும் ரசிகர்கள் ஒரு பொத்தானைக்கூட அழுத்தாமல், நாற்காலியில் அமர்ந்து இசை கேட்டுவிட்டுப் போகிறார்கள். விற்பனைத் தந்திரம் என்று இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு அது அரைகுறை விடையாகவே படுகிறது. அந்த வரிசை கட்டப்பட்ட விதம்தான் அதன் விழாவைக் கச்சேரியாக்கியது என்பேன்.

வீடியோ கேம் ஊர் சுற்றக் கிளம்பியபோது அதன் வடிவம் வேறு. 1990-இல் நின்டெண்டோ நிறுவனம் அமெரிக்காவின் 29 நகரங்களுக்கு ஒரு போட்டியை எடுத்துச் சென்றது. டாலஸில் தொடங்கி, அந்த ஆண்டின் இறுதியில் ஹாலிவுட்டில் முடிந்தது. ஆடுபவருக்கு 6 நிமிடம் 21 விநாடி கிடைக்கும். அதற்குள் ‘சூப்பர் மரியோ’வில் 50 நாணயம் சேர்த்து, ‘ராட் ரேசர்’ ஓட்டி, மிஞ்சிய நேரத்தில் ‘டெட்ரிஸ்’ ஆட வேண்டும். கைவேகத்தைப் பத்துப் பேர் முன்னால் காட்டக்கூடிய ஆட்டங்களுக்கு அது சரியான மேடைதான். ஃபைனல் ஃபேன்டஸியை அப்படி மேடையேற்ற வழியில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து, முப்பது நாற்பது மணி நேரம் செலவிட்டு முடிக்கும் கதை அது. போதாக்குறைக்கு, எண்ணிட்ட ஆட்டம் ஒவ்வொன்றிலும் கதை வேறு, உலகம் வேறு, மாந்தர் வேறு. 1987-இல் வந்த முதல் ஆட்டத்தையும் 1997-இல் வந்த ஏழாம் ஆட்டத்தையும் ஆடியவர்களுக்குப் பொதுவான நாயகன் கிடையாது. மரியோவைப் போலத் தொப்பியும் மீசையுமாக விழாவுக்கு வந்து நிற்க ஆளில்லை. தொடர்ந்து வருபவை படிகங்கள், சில மந்திரப் பெயர்கள், ஒரு பெரிய மஞ்சள் பறவை, அப்புறம் நோபுவோ உவெமாட்சுவின் இசை. ஏறி இறங்கும் ‘ப்ரிலூட்’, சண்டையில் வென்றதும் முழங்கும் எக்காளம் இரண்டும் முதல் ஆட்டத்திலேயே பிறந்தவை. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் அணிவகுத்தபோது அந்த எக்காளமும் ஒலித்தது. எந்த எண்ணை ஆடியவருக்கும் அடையாளம் தெரியும் பொதுச்சொத்து அதுதான்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ரசிகர்கள் அன்று கேட்டது வயலினையும் எக்காளத்தையும் அல்ல, ஃபாமிகாம் விளையாட்டுக் கருவியின் சில்லு எழுப்பிய கீச்சொலியை. மேடையில் வருவது ஒருபோதும் இருந்திராத நினைவு அல்லவா? ஆனால் சில்லின் ஒலியை முடிந்த முடிவாக இசையமைப்பாளர்களே நினைக்கவில்லை. ‘டிராகன் குவெஸ்ட்’ ஆட்டத்துக்கு இசையமைத்த கோயிச்சி சுகியாமா, 1987 ஆகஸ்டிலேயே, அதாவது முதல் ஃபைனல் ஃபேன்டஸி வெளிவரும் முன்பே, தம் மெட்டுகளை டோக்கியோவில் கச்சேரியாக நடத்திவிட்டார். அவர்களுக்குச் சில்லின் ஒலி ஒரு முன்வரைவு. அதற்காக எல்லாமே மேடையில் சிறக்கும் என்று சொல்லமாட்டேன். தாமாகவே இசை கற்ற, ராக் பிரியரான உவெமாட்சுவின் சில சண்டை மெட்டுகள் பெரிய இசைக்குழுவிடம் போனதும் பல் மழுங்கிவிடுகின்றன.

இனி வணிகம். வரிசைக்குச் சொந்தக்காரரான ஸ்குவேர் எனிக்ஸின் உரிமத்தோடுதான் நிகழ்ச்சி நடக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வரிசைக்கிரமத்தைப் பாருங்கள். 2004 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மனிக் ஒரே ஒரு நாள் இந்த இசையை வாசித்தது. சீட்டுகள் சில நாட்களில் தீர்ந்தன. அதன் பிறகுதான், 2005-இல், அமெரிக்கச் சுற்றுப்பயணம் வந்தது. விளம்பரம் கூட்டத்தை உருவாக்கியதாகத் தெரியவில்லை. கூட்டம் இருப்பதை நிறுவனம் கண்டுகொண்டது. ‘டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ்’ இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்ததற்கு வேறொரு நடைமுறைக் காரணமும் உண்டு. முழு இசைக்குழுவை அது சுமந்து திரிவதில்லை. வித்வான் மட்டும் ஊருக்கு வர, பக்கவாத்தியத்தைச் சபாவே ஏற்பாடு செய்வதுபோல, நடத்துநர் ஆர்னி ரோத்தும் இசைத்தாள்களும் திரைக்கான காட்சிகளும் போய்ச் சேர, வாசிப்பதும் பாடுவதும் பெரும்பாலும் அந்தந்த ஊர்க் கலைஞர்கள். ‘ஒன்-விங்டு ஏஞ்சல்’ வரும்போது உள்ளூர்ப் பாடகர் குழு ஏழாம் ஆட்டத்து வில்லனுக்காக லத்தீன் பாட வேண்டியிருக்கும்!

என் வாதத்துக்கு உண்மையான சோதனை வேறிடத்தில் இருக்கிறது. 2004-இல் உவெமாட்சு நிறுவன வேலையை விட்டு விலகினார். பன்னிரண்டாம் ஆட்டத்தின் இசையைப் பெரும்பாலும் ஹிதோஷி சாகிமோட்டோவும், பதின்மூன்றாம் ஆட்டத்தின் இசையை மசாஷி ஹமாவுசுவும் அமைத்தார்கள். பொது இழை அறுந்திருக்க வேண்டும். ஆனால் மசாயோஷி சோக்கென் பொறுப்பேற்ற பதினான்காம் ஆட்டத்தின் மறுவடிவத்திலும் அதே ‘ப்ரிலூட்’ கேட்கிறது. பழைய மெட்டை வைத்துக்கொள்ளாமல் தங்கள் ஆட்டத்துக்கு அந்தப் பெயரைச் சூட்ட முடியாது என்று புதியவர்களில் சிலராவது எண்ணியிருக்க வேண்டும்.