கேட்கப்படாத கேள்விகள்: 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற ராமானுஜன்

என்னிடம் பொதுத்தமிழ் படித்த கணிதத்துறை மாணவன் ஒருவன் முதுகலைப் படிப்புக்காக இங்கிலாந்து சென்றான். ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். தந்தை தம் மாந்தோப்பை அடகு வைத்துப் பணம் புரட்டினார். வாடகை வண்டியில் பெங்களூர் விமான நிலையம் வரை குடும்பமே சென்று வழியனுப்பியது. அங்கே போன பிறகு பேசும்போதெல்லாம், "நன்றாக இருக்கிறேன், ஐயா" என்பதே அவனுடைய விடை. ஒரு மாதம் கழித்துத்தான் தற்செயலாகச் செய்தி வெளிவந்தது. அறையில் இருந்த வெப்பமூட்டியை இயக்கும் முறை தெரியாமல், அக்டோபர் மாதக் குளிரில் இரண்டு ஸ்வெட்டர்களையும் கம்பளிக் குல்லாயையும் அணிந்துகொண்டு உறங்கியிருக்கிறான். பக்கத்து அறைக்காரனைக் கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்க ஒரு மாதிரியாக இருந்தது, ஐயா" என்றான்.

அந்த விடை என் மனத்தை நூறாண்டுக்கும் மேலாகப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. நம் கணித மேதை ஸ்ரீனிவாச ராமானுஜன் கேம்பிரிட்ஜில் கழித்த தொடக்க நாட்களைப் பற்றி எழுதவேண்டும் என்று அன்றே தோன்றியது. துறைமுக அலுவலகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளம், 1913 ஜனவரி 16 நாளிட்டு ஹார்டிக்கு எழுதிய கடிதம், 1729 என்ற எண் ஆகியவற்றை அன்பர்கள் பலமுறை படித்திருப்பீர்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நான் பேச விரும்புவது ஒரு கும்பகோணத்து இளைஞர் அயல்நாட்டில் எப்படி உண்டார், எப்படி உறங்கினார் என்பதைப் பற்றி.

கடல் கடப்பது ஆசாரக் குறைவு என்று கருதப்பட்ட காலம் அது. ஹார்டி அழைத்தபோது முதலில் மறுத்த ராமானுஜன், 1914இன் தொடக்கத்தில் விரிவுரையாற்றச் சென்னைக்கு வந்த டிரினிட்டி கல்லூரிக் கணித அறிஞர் நெவிலிடம் இசைவு தெரிவித்தார். நாமகிரித் தாயார் தம் அன்னை கோமளத்தம்மாளின் கனவில் தோன்றி விடை கொடுத்ததாகக் குடும்பத்தில் வழங்கும் செய்தி யாவரும் அறிந்ததே. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. பயணத்துக்கும் உடைக்கும் தனியே பணம் தந்தது. அந்த உதவித்தொகையிலிருந்து ஒரு பகுதி மாதந்தோறும் குடும்பத்துக்குச் செல்லவும் அவர் ஏற்பாடு செய்துகொண்டார்.

புறப்படுவதற்கு முன் குடுமியை எடுத்தார்கள். அதற்கு முன்பே தாயையும் மனைவி ஜானகியையும் அவர் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். குடுமியில்லாத தலையோடும் கோட்டு சராயோடும் தம்மை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று எண்ணியிருக்கிறார். பெற்ற தாய் மகனைக் கப்பலேற்ற வரவில்லை. ஊரை விட்டுச் செல்லும் முன்பே மறைத்தல் தொடங்கிவிட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

1914 மார்ச் 17 அன்று 'நெவாஸா' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. ஏப்ரல் 14 அன்று லண்டன் சேர்ந்தார். துறைமுகத்தில் நெவில் தம் சகோதரரோடு காரில் வந்து காத்திருந்தார். லண்டனில் இந்திய மாணவர்களை வரவேற்பதற்கென்று குரோம்வெல் சாலையில் இருந்த இல்லத்தில் சில நாட்கள் தங்கினார். ஏப்ரல் 18 அன்று கேம்பிரிட்ஜ் சென்று, செஸ்டர்டன் சாலையில் இருந்த நெவிலின் வீட்டில் ஏறக்குறைய ஆறு வாரங்கள் விருந்தினராக இருந்தார். ஜூன் தொடக்கத்தில் ஹார்டிக்கு அருகில் இருக்க வசதியாக டிரினிட்டியின் ஹ்யூவெல் முற்றத்தில் அறை கிடைத்தது.

வரவேற்பில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வெள்ளையர்கள் ஒரு தமிழனைக் கொண்டுபோய்க் குளிரில் தவிக்கவிட்டார்கள் என்று மேடைகளில் முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். அது நியாயமாகாது. நெவிலுக்கு அப்போது வயது இருபத்தைந்து. விருந்தினரைவிட ஒரு வயது இளையவர். அவரும் அவர் மனைவியும் ராமானுஜனைத் தம் வீட்டில் வைத்துப் பேணினார்கள். இருபத்தாறு ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்த பாதங்களைப் பூட்ஸ் வருத்தியதையும், பழக்கமில்லாத காய்கறிகள் பழக்கமில்லாத முறையில் சமைக்கப்பட்டு வந்ததையும் நெவில் கவனித்துப் பின்னாளில் எழுதியுள்ளார். அந்தச் சிறு துன்பங்களுக்கு நடுவிலும் கணிதக்காரர்களின் கூட்டத்தில் அவர் மகிழ்ச்சியாகவே இருந்தார் என்றும் பதிவு செய்துள்ளார். ஊருக்கு எழுதிய கடிதத்தில் ராமானுஜனும் ஹார்டி, நெவில் ஆகியோரின் அன்பைப் பாராட்டியே எழுதினார். அவ்வாண்டிலேயே பை பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை அங்குள்ள ஆய்விதழில் வெளிவந்தது.

ஆர்தர் பெரி என்ற ஆசிரியரின் வகுப்பில் நடந்ததையும் சொல்லவேண்டும். கரும்பலகையில் சூத்திரங்களை எழுதிக்கொண்டிருந்த பெரி, ராமானுஜனின் முகத்தில் தெரிந்த பூரிப்பைக் கண்டு, ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டாராம். ராமானுஜன் எழுந்து போய், பெரி இன்னும் நிறுவாத முடிவுகளையும் பலகையில் எழுதினார். கணிதத்தில் அவருக்குக் கூச்சம் என்பதே இல்லை.

இதைச் சொன்னவர் பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ். அப்போது அவர் கிங்ஸ் கல்லூரி மாணவர். அவரே சொன்ன இன்னொரு நிகழ்ச்சிதான் என் மாணவனின் விடையைக் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது. ஒரு குளிர்நாளில் ராமானுஜனின் அறைக்குச் சென்ற அவர், கணப்புக்கு மிக அருகில் நண்பர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, இரவில் கதகதப்பாக உறங்க முடிகிறதா என்று விசாரித்தார். குளிர் தாங்கவில்லை, மேல்கோட்டை அணிந்து சால்வையும் போர்த்திக்கொண்டு படுக்கிறேன் என்றார் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன. மெத்தைக்கடியில் நாற்புறமும் இறுகச் செருகப்பட்டு, மேலே விரிப்பும் போட்டபடி இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை. பாயிலோ கட்டிலிலோ படுத்துப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் வழக்கமுள்ள ஊரிலிருந்து போனவருக்கு அது எப்படித் தெரியும்? மகலனோபிஸ் விலக்கிக் காட்டியபோது அவர் மிகவும் நெகிழ்ந்துபோனாராம்.

பக்கத்து அறைகளிலெல்லாம் மாணவர்கள் இருந்தார்கள். ஹார்டி கூப்பிடு தூரத்தில் இருந்தார். முடிவிலித் தொடர்களைப் பற்றி யாரோடும் பேசத் தயங்காதவர், கம்பளியைப் பற்றி ஒருவரையும் கேட்கவில்லை.

உணவிலும் இதே கதைதான். கல்லூரிக் கூடத்தில் அவர் உண்ணவில்லை, அறையிலேயே சமைத்துக்கொண்டார். ஊரிலுள்ள நண்பருக்கு எழுதும்போது, வேறொன்றும் வேண்டாம், கொட்டை நீக்கிய புளி கொஞ்சமும் நல்ல தேங்காயெண்ணெயும் அனுப்பினால் போதும் என்று எழுதினார். 1914 ஆகஸ்டில் போர் மூண்டபின் காய்கறியும் பாலும் வரவர அரிதாயின. ஹார்டி எழுதியிருக்கும் ஒரு குறிப்பு என்னை எப்போதும் நிறுத்திவைக்கும்: ராமானுஜன் தம் உணவைத் தாமே சமைத்தார், பைஜாமாவுக்கு மாறாமல் ஒருபோதும் சமைத்ததில்லை என்கிறார். ஆங்கில வாசகருக்கு இது ஒரு விசித்திரப் பழக்கம். தஞ்சைப் பக்கத்து வீடுகளை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அது மடி என்றே நான் கருதுகிறேன். நனைத்து உலர்த்திய மடிவேட்டிக்கு வாய்ப்பில்லாத இடத்தில், வெளியே போய்வந்த உடையைக் களைவதையாவது விடாமல் காத்திருக்கிறார். ஹார்டி கண்ணால் கண்டதை உண்மையாக எழுதினார். எதற்காக என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. இவரும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஹார்டி கேட்காமல் விட்டது இது மட்டுமன்று. ராமானுஜன் இந்தியாவில் எந்தெந்த நூல்களைப் படித்திருந்தார், கேலியின் நூலைப் பார்த்திருந்தாரா, கிரீன்ஹில்லின் நூலைப் பார்த்திருந்தாரா என்று தாம் கேட்டிருந்தால் இவரும் மகிழ்ச்சியோடு சொல்லியிருப்பாரே என்று பிற்காலத்தில் அவர் வருந்தினார். நாள்தோறும் புதிய தேற்றங்களைக் கொண்டுவந்து காட்டிக்கொண்டிருந்தவரிடம் பழையதை எங்கே கற்றாய் என்று கேட்பது வீண் தொல்லையாகப் பட்டது என்கிறார். பல ஆண்டுகள் ஏறக்குறைய நாள்தோறும் சந்தித்த இருவர். ஒருவருக்குக் கேட்கக் கூச்சம். மற்றவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. இரண்டில் எது பெரிய இழப்பு என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. கூச்சத்தையாவது நம்மால் புரிந்துகொள்ள முடிகிறது.

ஊரிலிருந்து வரவேண்டிய சொற்களும் வரவில்லை. தாம் கணவருக்கு எழுதிய கடிதங்கள் மாமியாரால் தடுக்கப்பட்டன என்று ஜானகி அம்மாள் முதுமையில் கூறியிருக்கிறார். 1917இல் ராமானுஜன் நோயுற்றார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் டிரினிட்டியின் ஃபெல்லோவாகவும் ஆனார். 1919இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் மறைந்தார். வயது முப்பத்திரண்டு. காசநோய் என்றுதான் அன்று சிகிச்சை செய்தார்கள். கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994இல் டி.ஏ.பி. யங் என்பவர் எழுதினார். அப்படியானால் முன்பு ஊரில் வந்த வயிற்றுப்போக்கைப் பற்றிய நேரான உரையாடல் ஒன்று நோயைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடும்.

பதினாறு ஆண்டுகள் கழித்து இன்னொரு தமிழ் இளைஞர் அதே டிரினிட்டிக்குச் சென்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், பத்தொன்பது வயதில், 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறினார். வெண்குறுமீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்ற கணக்கு அந்தக் கடற்பயணத்தில்தான் பிறந்தது. அவ்வளவு பெரிய கணக்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லண்டனில் இறங்கியவரை, கேம்பிரிட்ஜில் இடம் இருக்கிறதா இல்லையா என்ற அலுவலகக் குழப்பம் எதிர்கொண்டது. ஆசிரியர் ஃபவுலர் தலையிட்ட பிறகே அது தீர்ந்தது. நோயுற்ற தாயை விட்டுச் சென்றவர் அவர். மறு ஆண்டு மே மாதம் அந்த அம்மையார் காலமானார்.

ராமானுஜனின் நல்ல படம் ஒன்று ஹார்டியிடம் இல்லை. 1936இல் சந்திரசேகர் தாயகம் வந்தபோது, அவருக்காகத் தேடிக்கொண்டு திருவல்லிக்கேணியில் இருந்த ஜானகி அம்மாளைச் சென்று கண்டார். அந்த அம்மையார் பாதுகாத்து வைத்திருந்த கடவுச்சீட்டு கிடைத்தது. 1940இல் ஹார்டி வெளியிட்ட நூலில் இடம்பெற்றதும், இன்று நம் பாடநூல்களில் நாம் காண்பதும் அந்தப் படம்தான். ஊர் திரும்புவதற்காக 1919இல் எடுத்தது அது. வெட்டிய முடி, கழுத்துப்பட்டை, கோட்டு, எதையும் சொல்லாத கண்கள்.