புகையான்: சுகார்த்தோ அசைந்த கதை

1985 நவம்பர், ரோம். இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவை ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு பாராட்டுது. எழுபதுகளில் உலகத்திலேயே அதிகமா அரிசி இறக்குமதி செஞ்ச நாடு, 1984-இல் தன்னிறைவு அடைஞ்சிருந்தது. அடுத்த வருஷமே ஜாவா வயல்களில் புகையான்.

டெல்டா பக்கம் சொந்தக்காரங்க இருந்தா இந்தப் பேரைக் கேட்டிருப்பீங்க. கொசு சைஸ் பழுப்புப் பூச்சி. நெல்லோட தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். வயல் வட்ட வட்டமா தீய்ஞ்ச மாதிரி காயும்.

இதில் விஷயம் என்னன்னா, மருந்து அடிச்சதாலதான் அது பெருகியது. வயலில் இருக்கிற சிலந்திகள் புகையானைத் தின்னுக்கிட்டே இருக்கும். மருந்து அடிச்சா சிலந்தி செத்துடும், தண்டுக்குள்ள இருக்கிற புகையான் முட்டை தப்பிச்சிடும். குஞ்சு வெளிய வரும்போது அதைத் தின்ன ஆளே இல்லை. பதறிப்போய் மறுபடி அடிப்பாங்க. நம்ம பாஷையில், பேட்ச் போடப் போட பக் பெருகுது.

பீட்டர் கென்மோர் என்ற ஆய்வாளர் இதை எழுபதுகளின் கடைசியில் பிலிப்பைன்ஸ் வயல்களிலேயே காட்டிட்டார். அப்புறம் ஏன் யாரும் கேட்கலை? மருந்து விலையில் சுமார் 80 சதவீதத்தை இந்தோனேசிய அரசே கட்டிக்கிட்டிருந்தது. வருஷத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல். விதை, உரம், மருந்து எல்லாம் கடனோட ஒரே பேக்கேஜா வந்தது. இவ்வளவு மலிவா கிடைச்சா யார் அடிக்காம இருப்பாங்க?

1986-இல் கச்சா எண்ணெய் விலை விழுந்தது. எண்ணெய் விற்றுப் பிழைச்ச அரசோட கஜானா காலி. சிலந்தியை விட இதுதான் சுகார்த்தோவை அசைச்சதுன்னு எனக்குத் தோணுது. அந்த நவம்பரில் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செஞ்சார். 1989-க்குள் மானியமும் போச்சு. மருந்துப் பயன்பாடு சரிந்தது. நெல் விளைச்சல் சரியலை.

அடுத்து வந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. வயல்வெளிப் பள்ளி. 25 பேர், வாரம் ஒருநாள், ஒரு பருவம் முழுக்க. வயலில் இறங்கி பூச்சியை எண்ணுவாங்க, தாளில் வரைவாங்க, மருந்து வேணுமா வேண்டாமான்னு வாதாடுவாங்க. வலைக்குள்ள சிலந்தியையும் புகையானையும் விட்டு என்ன நடக்குதுன்னு அவங்களே பார்ப்பாங்க. கட்சிகளே கிராமத்தில் இயங்க முடியாத சர்வாதிகாரம் அது. அங்க விவசாயிகள் கூடி அதிகாரி பரிந்துரையைக் கேள்வி கேட்டாங்கன்னா சும்மாவா? இந்தத் திட்டத்தை முதல்ல நடத்தினது வேளாண் அமைச்சகம் இல்லை, தேசியத் திட்டமிடல் துறை. வேளாண் துறைக்கு இது எப்படி இனிச்சிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

தொண்ணூறுகளின் முடிவுக்குள் சுமார் 10 லட்சம் விவசாயிகள் இதில் படிச்சாங்க. அப்புறம் திட்டத்துக்கான பெரிய நிதி நின்னது. கம்பெனிகளோட விளம்பரமும் மருந்து விற்பனையும் ஏறியது. ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையை வலியுறுத்தின 1992 சட்டம் அமலில் இருக்கும்போதே, 2010-லும் 2011-லும் ஜாவா வயல்களில் மறுபடியும் புகையான்.