அரைவட்டமும் வத்தையும்

மரக்கலத்தின் அழகு என்றால் நாம் பாயையும் பாய்மரத்தையுமே பேசுகிறோம். தச்சரின் கண்ணோ நீர்மட்டத்திற்குக் கீழே போகும். நடுவில் அகன்று இருபுறமும் ஒடுங்கும் வளைவு எங்கும் முறியக் கூடாது. இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும். வரைபடத்தாள் இல்லாத காலத்தில் இது எவ்வாறு இயன்றது?

வெனிசுக் கலங்களில் துடுப்பு வலிப்பவராகச் சேர்ந்த ரோட்சு மைக்கேல் 1434இல் எழுதத் தொடங்கிய கையேட்டில், கப்பல் கட்டுவது பற்றி நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழைய எழுத்து உள்ளது. 1580 அளவில் போர்த்துகலின் பெர்னாண்டோ ஒலிவேரா வடிவக் கணக்கை விரித்து எழுதினார்.

நடு விலாச்சட்டத்தின் பாதிக்கு ஓர் அச்சுப்பலகை செய்வர். அதையே சிறிது உள்ளே தள்ளி, சிறிது மேலே உயர்த்தி அடுத்தடுத்த சட்டங்களை வரைவர். புரட்டிப் போட்டால் மறுபாதி. ஆகவே இருபுறமும் ஒன்றாகும். ஆனால் எவ்வளவு தள்ளுவது? நுட்பம் இங்கேதான். ஓர் அரைவட்டம் வரைந்து, அதன் இரு கால்வட்டங்களையும் சமபாகங்களாக்கி, எதிரெதிர்ப் புள்ளிகளைக் கோடுகளால் இணைப்பர். உச்சியிலிருந்து அக்கோடுகள் உள்ள தூரங்களே அளவு. மொத்த ஒடுக்கம் 100 பங்கு எனில், நான்கு சட்டங்களில் அது ஏறத்தாழ 8, 29, 62, 100 என்று வளரும். 25, 50, 75 என்று சமமாகப் போயிருந்தால் கலத்தின் நடுவில் முழங்கை மடிப்பு விழுந்திருக்கும். மேலே அறையும் பலகை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எஞ்சிய மேடுபள்ளங்களை மெல்லிய ரீப்பரை வளைத்து வைத்துப் பார்த்து, இழைப்புளியால் சீவித் தீர்க்க வேண்டியதுதான்.

பாக்குநீரிணைக் கரையின் வத்தைகளை 1990களில் ஆராய்ந்த சீன் மெக்ரெயில் குழுவினர், நம் தச்சர்கள் பலகையில் சட்ட வடிவங்களைக் கீறிவைத்துக் கட்டுவதைக் கண்டனர். பழைய மத்தியதரைக்கடல் முறையோடு அதற்குள்ள நெருக்கம் வியப்புக்குரியது. போர்த்துகேயர் வழி வந்திருக்கலாம் என்ற ஊகமும் எழுந்தது. ஒற்றுமை மட்டுமே மரபுத்தொடர்ச்சிக்குச் சான்றாகிவிடாது என்பது நம் எண்ணம். ஒலிவேராவின் கைப்பிரதி போன்ற ஏடு எதையும் கரையோரத் தச்சரிடம் தேடிப் பயனில்லை. அவர்களிடம் இருப்பது கீறிய பலகையும் அதைப் பற்றிப் பேசும் சொற்களும்தான். அலமாரியையும் சாவியையும் தந்த மொழி, கடன் உண்மையெனில், தச்சுக்கூடத்திலும் தடம் விட்டிருக்கும். ஒவ்வொரு கீறலையும் தச்சர் எப்பெயரால் அழைக்கிறார் என்று கேட்டுப் பட்டியலிடுவது தமிழ் படித்தவர்களின் வேலை. நாமோ இன்னும் நாவாய், வங்கம், அம்பி, திமில் என்று சங்கப் பாடல்களில் கலங்களின் பெயர்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.