கடவுச்சொல்லின் கதை: ஒரு கணினி, பல பேர்

பாஸ்வேர்டு எனப்படும் கடவுச்சொல் கணினிக்குள் வந்தது திருடனுக்குப் பயந்து அல்ல. 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொள்ளும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை உருவாக்கியது. அவரவர் கோப்பு அவரவருக்கு என்று பிரிக்க வேண்டும். ஆளுக்கொரு ரகசியச் சொல் கொடுத்தார்கள். அவ்வளவுதான்!

அடுத்த வருடமே கசிவு. 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்சடித்து எடுத்துக்கொண்டார்.

கடவுச்சொல்லின் பிறவிக் குறையே இதுதான். ரகசியத்தை நாமும் வைத்திருக்க வேண்டும், எதிர்த்தரப்பும் அதைச் சரிபார்க்க ஏதாவது வைத்திருக்க வேண்டும். 2009-ல் ராக்யூ நிறுவனத்திலிருந்து சுமார் 3.2 கோடி கடவுச்சொற்கள் அப்படியே வெளியே வந்தன. அதிகம் பேர் வைத்திருந்தது எது தெரியுமா? 123456!

மாற்று வழிக்கான கணிதம் அதற்கு வெகுகாலம் முன்பே, 1976-ல், வந்துவிட்டது. டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட பொதுச்சாவி முறை அது. எளிதாகச் சொன்னால் பூட்டு அவர்களிடம், சாவி நம்மிடம் மட்டும். அங்கே திருடினாலும் பூட்டுதான் கிடைக்கும்.

பிறகு ஏன் இவ்வளவு தாமதம்? சாவியாகத் தனிக் கருவி வாங்க வேண்டியிருந்தது. கூகுள் 2017-ல் தன் ஊழியர்கள் 85,000 பேருக்கும் மேல் அதைக் கட்டாயமாக்கியது. நாலு பேர் வேலை செய்யும் கடைக்கு அது எட்டாக்கனி. கைரேகை பார்க்கும் போன் பரவலான பிறகுதான் நிலைமை மாறியது. 2019-ல் வெப்ஆத்தன் இணையத் தரமானது. 2022-ல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து இந்த முறைக்கு ஆதரவை விரிவாக்குவதாக அறிவித்தன. இதற்குத்தான் பாஸ்கீ என்று பெயர். போலித் தளத்தில் இந்தச் சாவி திரும்பாது.

சின்னக் கடைகளில் பில் போடும் கணக்குக்கு ஒரே கடவுச்சொல்தான். கல்லாப் பக்கத்தில் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கும். வேலையை விட்டுப் போனவருக்கும் தெரியும். நேற்று ஒரு பில்லைத் திருத்தியது யார் என்று கேட்டால் பதில் கிடையாது. வணிகவியலில் நாம் படிக்கும் உள்கட்டுப்பாடு அங்கேயே போயிற்று.

பாஸ்கீ வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? முதலாளியின் ஒரே போனில் வைத்து, மாற்று ஏற்பாடும் இல்லாமல் அது தொலைந்தால், கடையே வெளியே நிற்கும். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு சாவி, பீரோவில் ஒரு மாற்றுச் சாவி. இதைச் செய்தால்தான் பயன்.

யோசித்துப் பார்த்தால், 1961-ல் கேட்டதும் இதுதானே? இயந்திரம் பொது, கணக்கு அவரவருடையது.